பொன்னுத்துரையைத் தேடியபோது கிடைத்த வேலை

கிளிநொச்சி மாவட்டத்து வட்டக்கச்சியில் எங்கள் வீட்டுக்குள் கைத்தொலைபேசிச் சிக்னல் ஒழுங்காக நிற்பதில்லை. வீட்டின் பின்புறமாக, இரணைமடுக் குளத்தின் வலதுகரை நீரை வயல்களுக்குக் கொண்டுபோகும் கிளை வாய்க்காலின் கட்டின் மேல் ஏறினால்தான் ஒரு காணொளி அழைப்பைத் துண்டிக்காமல் பேசி முடிக்கலாம். 2023 புரட்டாதியில் இருந்து 2024 பங்குனி வரையான ஏழு மாதங்களில் நான் முகங்கொடுத்த நேர்முகப் பரீட்சைகளில் ஒன்றைத் தவிர மற்றவை எல்லாம் அந்தக் கட்டின் மேல், மருத மரத்தின் கீழ் போட்ட பிளாஸ்டிக் கதிரையில் இருந்தபடிதான் நடந்தன. அந்த ஏழு மாதத்தில் 62 விண்ணப்பங்கள் அனுப்பினேன். பதில் வந்தவை ஒன்பது, நேர்முகம் வரை போனவை ஐந்து, கிடைத்த வேலை ஒன்று. மென்பொருள் உருவாக்குநராக முழுநேர வேலையில் சேர்ந்த பிறகு, எனக்குப் பின்னால் படித்த தம்பி தங்கைகள் சிலர் எப்படிக் கிடைத்தது என்று கேட்டார்கள். ஒவ்வொருவருக்கும் துண்டு துண்டாகச் சொன்னதை இங்கே முழுமையாக எழுதிவைக்கிறேன்.

நான் படித்தது வவுனியாவில், மன்னார் வீதியில் உள்ள பம்பைமடு வளாகத்தில். 2019இல் நான் சேர்ந்தபோது அது யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் வவுனியா வளாகம். 2021 ஓகஸ்ட் 1ஆந் திகதி அது வவுனியாப் பல்கலைக்கழகம் ஆனது. ஆகவே சேரும்போது ஒரு பல்கலைக்கழகத்தின் மாணவியாகவும் வெளியேறும்போது இன்னொன்றின் பட்டதாரியாகவும் இருந்தேன். நான்கு வருடத்தில் வளாகத்துக்குள் இருந்து படித்த காலம் குறைவு. 2020இல் கொரோனா ஊரடங்கு வந்தது. 2022இல் எரிபொருளும் மின்சாரமும் இல்லாமல் போய், பங்குனி இறுதியில் ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் வரை மின்வெட்டு இருந்தது. பாடங்கள் மறுபடியும் இணையவழிக்குப் போனதால் பெட்டியைக் கட்டிக்கொண்டு ஊருக்கு வந்துவிட்டேன். அப்போது வீட்டில் இருந்த அந்த மாதங்கள்தான் பின்னர் எனக்கு வேலை தந்தன. அதை நான் விளங்கிக்கொண்டதோ ஒன்றரை வருடம் கழித்து.

வன்னியில் பட்டம் முடித்த பிள்ளையிடம் ஊர் கேட்கும் முதற் கேள்வி "நியமனம் எப்ப?" என்பது. அந்தக் கேள்வியை நான் குறை சொல்ல மாட்டேன். 2017இல் வடக்கிலும் கிழக்கிலும் வேலையற்ற பட்டதாரிகள் அரச வேலை கேட்டுப் பந்தல் போட்டு மாதக்கணக்கில் இருந்ததை உயர்தரம் படிக்கிற காலத்தில் பார்த்திருக்கிறேன். 2020இல் பட்டதாரிப் பயிலுநர்களை அரசு பெருந்தொகையாகச் சேர்த்தபோது எங்கள் ஒழுங்கையிலேயே இரண்டு வீடுகளில் நிம்மதி வந்தது. இடப்பெயர்வில் எல்லாவற்றையும் விட்டுவிட்டு வந்த சனத்துக்கு, மாதம் தவறாமல் வரும் சம்பளமும் கடைசியில் ஒரு ஓய்வூதியமும் எவ்வளவு பெரிய விடயம் என்று வெளியில் இருப்பவர்கள் இலகுவில் உணர மாட்டார்கள். தனியார் கொம்பனி என்றால் இன்றைக்கு இருக்கும், நாளைக்குப் பூட்டிவிடுவார்கள் என்பதே அப்பாவின் எண்ணமாகவும் இருந்தது. அவர் மறுத்துப் பேசவில்லை, ஆனால் ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் பத்திரிகையின் அரச வேலைவாய்ப்புப் பக்கத்தை மடித்து என் மேசையில் வைத்துவிடுவார்.

விண்ணப்பிக்கத் தொடங்கிய முதல் இரண்டு மாதங்களைப் பற்றி எழுத அதிகம் இல்லை. கொழும்பு நிறுவனங்களின் ஆரம்ப நிலை வேலைகளுக்கான அறிவித்தல்களிலேயே இரண்டு வருட அனுபவம் கேட்டிருந்தார்கள். லிங்க்ட்இன்னில் ஒரு வேலை அறிவித்தல் வந்து ஒரு மணித்தியாலத்துக்குள் நூறு பேருக்கு மேல் விண்ணப்பித்திருப்பார்கள். நேரக் கட்டுப்பாடுள்ள நிரல் எழுதும் பரீட்சைக்கு இணைப்பு அனுப்பினார்கள் என்றால் அதுவே ஒரு வெற்றி. ஒருமுறை 90 நிமிடப் பரீட்சையின் 40ஆவது நிமிடத்தில் மின்சாரம் நின்று, தொலைபேசியின் தரவு இணைப்புக்கு மாறுவதற்குள் அமர்வு முடிந்துவிட்டது. ஒரு சிறிய நிறுவனம் மூன்று மாதம் சம்பளம் இல்லாமல் வேலை செய்து காட்டுங்கள், பிடித்திருந்தால் எடுக்கிறோம் என்றது. வாடிக்கையாளருக்குப் பணத்துக்கு விற்கும் வேலையையே எனக்குத் தந்தார்கள் என்பது இரண்டாவது வாரத்தில் தெரிந்தது. அன்றே விலகினேன். இதைப் படிக்கும் பிள்ளைகளுக்கு அழுத்திச் சொல்கிறேன், பயிற்சி என்ற பெயரில் உங்கள் உழைப்பை இலவசமாக வாங்குபவர்கள் பிறகு உங்களுக்கு வேலை தருவார்கள் என்று நம்பிக் காத்திருக்காதீர்கள்.

நேர்முகங்களில் என்னைத் தடுத்தது ஆங்கிலம் என்றுதான் முதலில் நினைத்தேன். விரிவுரைகள் ஆங்கிலத்தில் நடந்தன, பரீட்சைகளையும் ஆங்கிலத்தில் எழுதினோம். ஆனால் விரிவுரை மண்டபத்தை விட்டு வெளியே வந்ததும் ஒருவரோடொருவர் தமிழில் பேசித்தான் அந்தப் பாடங்களை விளங்கிக்கொண்டோம். ஆகையால் எனக்கு வாசிக்கத் தெரிந்த ஆங்கிலம் வேறு, வாயில் வரும் ஆங்கிலம் வேறு. தரவுத்தளத்தில் உள்ளிணைப்புக்கும் இடப்புற இணைப்புக்கும் என்ன வேறுபாடு, சுட்டி (இன்டெக்ஸ்) போட்டால் தேடல் ஏன் வேகமாகிறது, நிரலின் மாற்றங்களைப் பதிந்துவைக்கும் கிட்டில் (Git) மேர்ஜ் செய்வதற்கும் ரீபேஸ் செய்வதற்கும் என்ன வித்தியாசம் என்று கேட்டால் விடை தெரியும். ஆனால் முதல் வாக்கியம் தொடங்கவே பத்து வினாடி ஆகிவிடும். அதனால் மாலையில் மாடு கட்டிவிட்டு வாய்க்கால் கட்டில் நடந்துகொண்டே ஒவ்வொரு கேள்விக்கும் விடையை ஆங்கிலத்தில் உரத்துச் சொல்லித் தொலைபேசியில் பதிவுசெய்து, இரவில் போட்டுக் கேட்டேன். ஆறு வாரம் அப்படிச் செய்ததில் தயக்கம் பெருமளவு குறைந்தது. ஆனால் மூன்றாவது நேர்முகத்திலும் தோற்றேன், அதில் ஆங்கிலம் ஒரு தடையாக இருக்கவேயில்லை. "நீங்கள் செய்த வேலை ஒன்றைப் பற்றிச் சொல்லுங்கள்" என்று கேட்டார்கள். விடுதி முன்பதிவுச் செயலி ஒன்றைப் பற்றிச் சொன்னேன். அந்த விடுதியில் யார் தங்கினார்கள், அவர்கள் எதைக் கேட்டார்கள், எது பிழைத்தது என்று அடுத்தடுத்துக் கேட்டபோது சொல்ல எதுவும் இல்லை. யூடியூப் பாடம் ஒன்றைப் பார்த்துக் கட்டிய செயலியில் ஒருவரும் தங்கவில்லை, ஆகவே ஒன்றும் பிழைக்கவில்லை.

முல்லைத்தீவைச் சேர்ந்த அக்கா ஒருவர், எனக்கு மூன்று வருடம் முந்திய அணியில் படித்தவர், அப்போது கொழும்பில் வேலை செய்துகொண்டிருந்தார். என் சுயவிபரக் கோவையை அவருக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பினேன். இரண்டு பக்கமும் பார்த்துவிட்டு ஒரு குரற்பதிவு அனுப்பினார். "இதில இருக்கிற மூன்று புரொஜெக்ட்டும் எல்லாற்ற சிவியிலயும் இருக்கு பிள்ளை. நீ உங்கட கமக்காரர் அமைப்புக்கு ஒரு பட்டியல் செய்து குடுத்தனி எண்டு முந்திச் சொன்னனியே, அது எங்க?" என்று கேட்டிருந்தார். அதை நான் போடவில்லை. அது தமிழில் இருந்த வேலை, காசு வாங்காமல் செய்தது, பயன்படுத்தியவர்கள் எங்கள் ஊர்க் கமக்காரர்கள். கொழும்பில் இருக்கும் ஒரு நிறுவனத்துக்கு அதில் என்ன இருக்கப்போகிறது என்று நினைத்து, தலைப்பாகக்கூட எழுதாமல் விட்டிருந்தேன்.

அந்தப் பட்டியல் என்னவென்று கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும்.

எங்கள் பக்கத்து வயல்கள் குளத்து நீரை நம்பியவை. காலபோகத்தில் மழையோடு எல்லா வயலும் விதைபடும். சிறுபோகத்திலோ குளத்தில் எவ்வளவு நீர் நிற்கிறது என்பதைப் பார்த்து, எத்தனை ஏக்கர் விதைக்கலாம் என்று கூட்டத்தில் தீர்மானிப்பார்கள். அந்த அளவை உறுப்பினர்களுக்குப் பங்கிட்டுக் கொடுக்க ஒரு பெயர்ப்பட்டியல் வேண்டும். உரம் பங்கிடவும், வெள்ளமோ நோயோ வந்தால் அழிவுக்கு விண்ணப்பிக்கவும் அதே பட்டியல்தான் கமநல சேவை நிலையத்துக்குப் போகும். 2021இல் இரசாயன உர இறக்குமதியைத் தடைசெய்து, அந்த வருடம் முடிவதற்குள் தடையை விலக்கினார்கள். அதன் பின்னரும் உரம் கிடைப்பது அரிதாகவே இருந்ததால், 2022இல் பட்டியலில் இருக்கும் ஒவ்வொரு வரியும் ஒரு குடும்பத்தின் விளைச்சலைத் தீர்மானித்தது. அமைப்பின் செயலாளர் மாமா அதைப் பத்து வருடமாக எக்செல்லில் பாமினி எழுத்துருவில் அடித்து வைத்திருந்தார். பாமினி போடாத கணினியில் திறந்தால் முழுவதும் பொருளற்ற ஆங்கில எழுத்துகளாகத் தெரியும். தொலைபேசியில் வாசிக்கவே முடியாது. வீட்டில் சும்மா இருந்த என்னிடம் "இதை போனில பாக்கிற மாதிரிச் செய்து தா பிள்ளை" என்று கேட்டார்.

ஒரு வாரத்தில் செய்து கொடுத்தேன். எழுத்துருவை, ஒவ்வொரு குறிக்கும் ஓர் எண் கொடுத்து எல்லாக் கருவிகளும் ஒரேமாதிரி வாசிக்க வைக்கும் யுனிகோட் நியமத்துக்கு மாற்றும் ஒரு சிறிய நிரல், அதற்கு மேல் ஒரு தேடல் பெட்டி. புதிய உறுப்பினர்களை மாமா தொலைபேசியிலேயே சேர்த்துக்கொள்ளலாம். மூன்றாம் நாள் அவர் வீட்டுக்கு வந்தார். பொன்னுத்துரை என்று தேடினால் வரவில்லை, ஆனால் பட்டியலை இறக்கிக்கொண்டே போனால் கண்ணுக்கு முன்னால் பொன்னுத்துரை நிற்கிறார் என்று காட்டினார். (பெயரை மாற்றியிருக்கிறேன். எழுத்துக்கூட்டின் தன்மை அப்படியே இருக்கிறது.) பெயர் வரவில்லை என்பதால் அவரை மாமா புதிதாக ஒருமுறை சேர்த்திருந்தார். இப்போது பட்டியலில் இரண்டு பொன்னுத்துரை. இவர்களில் ஒருவரைத் தேடினால் மற்றவர் வரமாட்டார்.

அன்று இரவு மின்சாரம் பத்து மணிக்குத்தான் வந்தது. எந்தப் பெயர்கள் கிடைக்கின்றன, எவை கிடைக்கவில்லை என்று ஒரு கொப்பியில் இரண்டு நிரலாக எழுதிக்கொண்டு போனேன். செல்லத்துரை கிடைத்தார். தங்கராசா கிடைத்தார். யோகராசா கிடைக்கவில்லை, லோகநாதன் இல்லை, சோமசுந்தரம் இல்லை, கோபாலன் இல்லை. அரை மணித்தியாலம் அந்த இரண்டு நிரல்களையும் பார்த்துக்கொண்டே இருந்த பிறகுதான் கண்ணில் பட்டது. கிடைக்காத பெயர் எல்லாவற்றிலும் ஒரு ஒகரமோ ஓகாரமோ இருந்தது.

பாமினியில் 'பொ' என்று அடிப்பவர் முதலில் கொம்பையும் (ெ), பிறகு பகரத்தையும், கடைசியில் அரவையும் (ா) அடிப்பார். கண்ணுக்குத் தெரியும் ஒழுங்கில்தான் அது சேமிக்கப்படும். யுனிகோட்டில் மெய் முதலில், அதற்குரிய உயிர்க்குறி பின்னால். நான் எழுதிய மாற்றி கொம்பைப் பகரத்துக்குப் பின்னால் நகர்த்தியது, ஆனால் கொம்பையும் அரவையும் இரண்டு தனிக் குறிகளாகவே விட்டுவிட்டது. தொலைபேசி விசைப்பலகையில் அடித்தால் ஒகரக் குறி ஒற்றை எண்ணாக விழுகிறது. ஆகவே மாமாவின் பழைய 'பொ' உள்ளே மூன்று எண்கள், புதிய 'பொ' இரண்டு எண்கள். திரையில் இரண்டும் ஒரே வடிவம். கணினிக்கு அவை இரண்டு வெவ்வேறு சொற்கள். இப்படி இரண்டு வகையாக எழுதக்கூடிய குறிகளை ஒரே வகைக்குக் கொண்டுவரும் ஒரு வசதி யுனிகோட் நியமத்திலேயே இருக்கிறது. நிரல் எழுதும் ஜாவாஸ்கிரிப்ட் மொழியில் நோர்மலைஸ் என்று ஒரு அழைப்பு, ஒரே வரி. சேமிக்கும்போதும் தேடும்போதும் அந்த வரியைப் போட்டேன். 312 வரிகள் இருந்த பட்டியலில் 41 பேர் இரண்டு முறை பதிந்திருந்தார்கள் என்று அதிகாலை ஒரு மணிக்குத் தெரிந்தது.

அந்த இரவை நான் ஏன் மறக்காமல் வைத்திருக்கிறேன் என்றால், பட்டியலில் பெயர் இல்லாமல் போவது என்னவென்று எங்கள் தலைமுறைக்குத் தெரியும். 2009இல் எனக்குப் பத்து வயது. செட்டிகுளம் மெனிக் பாம் இடம்பெயர்ந்தோர் முகாமில் கூடாரத்துக்குக் கூடாரம் பதிவு எடுத்த நாள்களில், யாரோ பெயரைப் பிழையாக எழுதிவிட்டதால் நிவாரண அட்டை கிடைக்காமல், அம்மா என்னையும் கையில் பிடித்துக்கொண்டு நாள் முழுக்க வரிசையில் நின்றது நினைவிருக்கிறது. ஒரு எழுத்தின் உள்ளமைப்பால் ஒருவருடைய உர மூட்டை தவறிவிடக் கூடாது என்று நான் பட்ட பதற்றம் அங்கே இருந்து வந்தது. விடுதி முன்பதிவுச் செயலியில் அந்தப் பதற்றம் எனக்கு வந்ததே இல்லை.

அக்கா சொன்னதன் பின்னர் சுயவிபரக் கோவையை மூன்று நாள் இருந்து புதிதாக எழுதினேன். விடுதிச் செயலியையும் உணவு விநியோகச் செயலியையும் எடுத்துவிட்டேன். இரண்டு பக்கம் ஒரு பக்கமானது. மேலே கமக்காரர் பட்டியல். என்ன செய்தேன், எத்தனை பேர் பயன்படுத்துகிறார்கள், என்ன பிழைத்தது, எப்படிக் கண்டுபிடித்தேன் என்று நான்கு வரி. நிரலை, எவரும் பார்க்கக்கூடிய கிட்ஹப் தளத்தில் போட்டேன். ஆட்களின் பெயர், அடையாள அட்டை இலக்கம், காணி விபரம் எதையும் வெளியே விடவில்லை. கற்பனைப் பெயர்கள் 50 உருவாக்கி, அவற்றில் ஒகர ஓகாரங்களை இரண்டு வகையாகவும் கலந்து சோதனைத் தரவாக வைத்தேன். அதை வைத்துத் தானியங்கிச் சோதனைகள் எழுதினேன். மாற்றியை இயக்காமல் பார்ப்பவருக்கும் விளங்கும்படி அறிமுகக் கோப்பில் 'பொ'வின் இரண்டு உருவங்களையும் அருகருகே காட்டினேன். இது எல்லாம் செய்த பிறகு அனுப்பிய விண்ணப்பங்கள் பதினொன்றுதான். ஒன்பது பதில்களில் ஐந்து அந்தப் பதினொன்றுக்கு வந்தவை.

அவற்றில் ஒரு நிறுவனம் இணையவழிப் பரீட்சையும் ஒரு காணொளி நேர்முகமும் முடிந்த பிறகு, இரண்டாவது சுற்றுக்குக் கொழும்புக்கு நேரில் வரச் சொன்னது. 300 கிலோமீற்றருக்கு மேல். தனியே போகிறேன் என்றேன், அப்பா கேட்கவில்லை. கிளிநொச்சியில் இரவு பஸ் ஏறினோம். முறிகண்டியில் வழமைபோல் பஸ் நின்றது. அப்பா இறங்கிப் பிள்ளையாருக்குத் தேங்காய் உடைத்துவிட்டு, சுடச்சுடக் கச்சான் ஒரு சரையில் வாங்கிவந்து தந்தார். மாங்குளம் தாண்டும் வரை இருவரும் உரித்துச் சாப்பிட்டோம், நேர்முகத்தைப் பற்றி அவர் ஒரு சொல் கேட்கவில்லை. விடியப்புறம் வெள்ளவத்தையில் இறங்கி, தூரத்து உறவினர் வீடு ஒன்றில் குளித்து உடுப்பு மாற்றிக்கொண்டு போனேன். அலுவலக வாசலில் காவலாளியின் வாங்கில் அப்பா இருந்தார். நான் மேலே போனேன்.

அறையில் இருவர் இருந்தார்கள். அவர்களில் மூத்த பொறியியலாளர் சிங்களவர். என் கோவையில் மேலே இருந்த வரியைத் தொட்டு, இந்தப் பிழையை வெண்பலகையில் விளக்க முடியுமா என்று கேட்டார். பகரத்தை எழுதி, அதன் பின்னால் கொம்பையும் அரவையும் பிரித்து எழுதினேன். கீழே சேர்ந்த குறியை எழுதினேன். நான் வாயைத் திறப்பதற்கு முன்பே அவர் சிரித்துவிட்டு, எங்களுக்கும் இதே கதைதான் என்றார். சிங்களத்திலும் முன்னால் வரும் குறியை 'கொம்புவ' என்கிறார்கள். அவர்களுடைய ஒகரமும் கொம்புவவும் இன்னொரு குறியும் சேர்ந்துதான் ஆகிறது, அதற்கும் யுனிகோட்டில் ஒற்றை எண் ஒன்று உண்டு. எங்களுக்குப் பாமினி இருப்பதுபோல அவர்களுக்கு எஃப்.எம். அபய என்ற பழைய எழுத்துரு. அரச அலுவலகம் ஒன்றின் தரவை மாற்றிக் கொடுத்தபோது தாமும் இதே குழியில் விழுந்ததாக அவர் சொன்னார். அதன் பிறகு அந்த அறையில் எனக்குப் பயம் இருக்கவில்லை, ஆங்கிலமும் தடங்கவில்லை.

ஆனால் அடுத்து வந்த கேள்விகள் இலேசானவை அல்ல. பெயரை வைத்து ஏன் ஆளை அடையாளம் கண்டீர்கள், தேசிய அடையாள அட்டை இலக்கம் இருக்கிறதே என்றார்கள். இடப்பெயர்வில் அட்டை தொலைத்துப் பிறகு புதிதாக எடுத்தவர்கள் பலர், ஆகவே பட்டியலில் ஒரே ஆளுக்கு ஒன்பது இலக்கமும் ஓர் எழுத்தும் கொண்ட பழைய வடிவம் ஒருமுறையும், 12 இலக்கப் புதிய வடிவம் ஒருமுறையும் இருந்தன என்று சொன்னேன். பழையதைப் புதியதாக மாற்ற முடியாதா என்று கேட்டார்கள். முடியும். முன்னால் 19ஐச் சேர்த்து, பழைய இலக்கத்தின் முதல் ஐந்து இலக்கங்களுக்குப் பின்னால் ஒரு பூச்சியத்தை நுழைத்து, கடைசி எழுத்தை எடுத்துவிட வேண்டும். அதை நான் 2022இல் யோசிக்கவில்லை, அந்த அறையில் யோசித்துத்தான் சொன்னேன். அப்போதே செய்திருக்க வேண்டும் என்றும் சொன்னேன்.

பிறகு, இதை இன்று முதலில் இருந்து கட்டுவதானால் அட்டவணைகளை எப்படி வகுப்பீர்கள் என்று கேட்டு எழுதுகோலைத் தந்தார்கள். ஆள் என்று ஒரு கட்டம் போட்டேன். காணித்துண்டு என்று ஒரு கட்டம். இரண்டையும் ஒரு கோட்டால் இணைக்கப் போன கையை நிறுத்தினேன். ஒரு துண்டு மூன்று பிள்ளைகளுக்குப் பிரிந்திருக்கும். சொந்தக்காரர் வெளிநாட்டில் இருக்க, குத்தகைக்கு எடுத்தவர் விதைப்பார். காலபோகத்தில் தன் வயலைத் தானே செய்பவர், சிறுபோகத்தில் தனக்குக் கிடைத்த அரை ஏக்கர்ப் பங்கை அயலவருக்கு விட்டுவிடுவார். ஆகவே உரம் கிடைக்க வேண்டியது காணிக்குச் சொந்தக்காரருக்கா, அந்தப் போகத்தில் விதைத்தவருக்கா என்பதை இரண்டு கட்டங்களால் சொல்ல முடியாது. மூன்றாவதாக 'போகச் செய்கை' என்று ஒரு கட்டம் போட்டு, இன்ன ஆள், இன்ன துண்டு, இன்ன வருடத்து இன்ன போகம், எத்தனை ஏக்கர் என்று நான்கு நிரல்களை எழுதினேன். பாடத்தில் இதைப் பலவுக்குப் பல உறவு என்று படித்தேன், பரீட்சையிலும் எழுதினேன். ஆனால் வெண்பலகையின் முன்னால் நின்றபோது எனக்கு ஞாபகம் வந்தது பாடம் அன்று. கூட்டம் முடிந்து வெளியே வந்து, குத்தகைக்காரருக்கும் காணிக்காரருக்கும் இடையில் எந்தப் பெயரை எழுதுவது என்று தெரியாமல் பேனையைக் கையில் வைத்துக்கொண்டு நின்ற செயலாளர் மாமாதான் ஞாபகத்துக்கு வந்தார். அந்த இரண்டு பேரும் கிட்டத்தட்டப் பதினைந்து நிமிடம் அந்தப் படத்தைப் பற்றியே என்னோடு பேசினார்கள்.

எங்கள் பிள்ளைகளின் கோவைகளை இப்போது நான் வாசித்துப் பார்க்கிறேன். அவற்றிலும் அதே விடுதி, அதே உணவு விநியோகம், அதே வானிலைச் செயலி. கேட்டுப் பார்த்தால் ஒருவர் தகப்பனின் நெல் ஆலைக்குக் கணக்கு எழுதும் கோப்பு செய்திருக்கிறார், இன்னொருவர் மாத்தளன் பக்கத்தில் மாமாவின் மீன் வாடிக்கு நாளாந்த விலை அனுப்பும் ஒழுங்கு செய்திருக்கிறார், ஒரு தங்கை தன் பாடசாலை நூலகத்துக்குப் புத்தகப் பதிவு செய்திருக்கிறாள். ஒருவரும் அதை எழுதவில்லை. ஊரில் செய்தது வேலை ஆகாது என்ற எண்ணம் எங்களுக்குள் எப்படியோ ஊறிவிட்டது. இதை நான் உறுதியாகச் சொல்கிறேன், உண்மையான ஆட்கள் பயன்படுத்தி, உண்மையாகப் பிழைத்து, நீங்கள் திரும்பப் போய்த் திருத்திய ஒன்று இருந்தால் அதுதான் உங்கள் அனுபவம். தரவுக் கட்டமைப்புகளும் வழிமுறைகளும் படிக்க வேண்டாம் என்று யாரும் இதிலிருந்து எடுத்துக்கொள்ளக் கூடாது. முதற் சுற்றைத் தாண்ட அவை கட்டாயம் வேண்டும், நானும் தினமும் இரண்டு கணக்கு என்று நான்கு மாதம் செய்தேன். யாழ்ப்பாணத்துக்குப் போய்வரக்கூடியவர்கள் யாழ் ஐ.ரி. ஹப் என்ற தகவல் தொழில்நுட்ப அமைப்பு பத்தாண்டுக்கு மேலாக நடத்திவரும் நிகழ்வுகளுக்கும் போங்கள். அங்கே அறிமுகமாகும் ஆட்கள் பின்னர் உதவுவார்கள். எனக்கு அந்த வசதி இருக்கவில்லை, ஒரு அக்கா இருந்தார்.

பங்குனி இறுதியில் மின்னஞ்சலில் நியமனக் கடிதம் வந்தது. ஆறு மாதம் தகுதிகாண் காலம். வாரத்தில் மூன்று நாள் அலுவலகம், மிகுதி நாள்களில் விரும்பிய இடத்தில் இருந்து வேலை செய்யலாம். அச்செடுத்துக்கொண்டு வந்து அப்பாவுக்கு வரி வரியாகத் தமிழில் வாசித்துச் சொன்னேன். ஓய்வூதியம் இருக்கிறதா என்று கேட்டார். இல்லை, ஆனால் ஊழியர் சேமலாப நிதி இருக்கிறது என்றேன். என் சம்பளத்தில் நூற்றுக்கு 8 பிடிப்பார்கள், கொம்பனி தன் பங்குக்கு 12 போடும், அதைவிட ஊழியர் நம்பிக்கைப் பொறுப்பு நிதிக்கு 3 கட்டும் என்று கணக்குப் போட்டுக் காட்டினேன். கொம்பனி பூட்டினாலும் அந்தக் காசு போகாதா என்று இரண்டு தரம் கேட்டார். போகாது என்றேன். எழும்பிப் போய்ச் சுவரில் தொங்கிய நாட்காட்டியை எடுத்துக்கொண்டு வந்தார். சிறுபோகத்துக்கு வாய்க்காலில் தண்ணீர் திறக்கும் நாள், விதைப்பு முடிக்க வேண்டிய நாள், உழவு இயந்திரத்துக்குக் காசு கொடுக்க வேண்டிய நாள் எல்லாம் அதில்தான் அவர் குறித்துவைப்பார். கடிதத்தில் இருந்த திகதியை இன்னொரு முறை என்னிடம் கேட்டு, மே 2 என்ற கட்டத்துக்குள், நீலப் பேனையால், 'பிள்ளை வேலைக்கு' என்று எழுதினார்.